ஒப்புதல் வாதங்களைப் படித்த தலைமுறை

எங்கள் சங்கத்தின் பொன்விழா மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது தட்ட முடியவில்லை. அமெரிக்க அரசியலமைப்பைப் படிக்கும் மரபுகளைப் பற்றி எழுதச் சொன்னார். ஹாமில்டன் வழி எது, ஜெஃபர்சன் வழி எது என்று நான் விளக்கப் புகுந்தால் முன்வரிசைப் பெரியவர்கள் சிரிப்பார்கள். 1791-இல் தேசிய வங்கி பற்றி வாஷிங்டன் கருத்துக் கேட்டார். ஜெஃபர்சன் ஷரத்தை இறுக்கிப் படித்தார், ஹாமில்டன் தளர்த்திப் படித்தார். இரண்டு கட்சிகள் கிளைவிட்டதில் அந்தச் சச்சரவுக்குப் பெரும் பங்கு உண்டு. அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

எங்கள் பேராசிரியர் இந்த இரண்டிலும் சேராதவர். பெயரைச் சொல்லாவிட்டாலும் உறுப்பினர்களுக்குத் தெரியும். கட்சிகளுக்கு முன்னால் போங்கள் என்பார். அவரிடம் சேர்ந்தவனுக்கு அரசியலமைப்பை ஆதரித்த ‘ஃபெடரலிஸ்ட்’ கட்டுரைகள் 85-உம் இரண்டாம் ஆண்டில்தான் கிடைக்கும். முதலாண்டு முழுக்க எதிர்த்தரப்பு: பிரூட்டஸ், ஃபெடரல் ஃபார்மர் என்ற புனைபெயர்களில் வந்த கட்டுரைகள், பிறகு அரசியலமைப்பை ஒப்புவதா என்று கூடிய மாநில மாநாடுகளின் வாதப் பதிவுகள். மாசசூசெட்ஸ் 187-168, வர்ஜீனியா 89-79, நியூயார்க் 30-27, கடைசியாக 1790 மே மாதம் ரோட் தீவு 34-32. இவற்றை வாய்ப்பாடு போல ஒப்பிக்க வைப்பார். ஒப்புதல் மயிரிழையில் கிடைத்தது என்பது அப்போதுதான் உறைக்கும்.

அவருக்கு மிகவும் பிடித்தவர் மெலங்க்டன் ஸ்மித். நியூயார்க்கின் பொக்கிப்சி மாநாட்டில் ஹாமில்டனுக்கு எதிரே நின்றவர். 65 பேர் மட்டுமே கொண்ட பிரதிநிதிகள் சபையில் செல்வாக்குள்ளவர்கள்தாம் நிறைவார்கள், நடுத்தர உழவனுக்கு இடம் ஏது என்று கேட்டவர். நியூ ஹாம்ப்ஷயர் ஒன்பதாவதாக ஒப்பியது, வர்ஜீனியாவும் சேர்ந்தது; செய்தி வந்து சேர்ந்தபின், அதே ஸ்மித் ஒப்புதலுக்கு வாக்களித்தார். அதைத் தோல்வி என்று எவனாவது எழுதினால் பேராசிரியர் விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். எதிர்த்தரப்பு கேட்ட உரிமைகளை மேடிசன் 1789 ஜூன் 8 அன்று திருத்தங்களாகச் சபையில் வைத்தார். மூல வாசகத்துக்குள்ளேயே அவற்றைக் கோக்க அவர் விரும்பினார். ரோஜர் ஷெர்மன் விடாப்பிடியாக நின்றதால் கடைசியில் தனியே சேர்ந்தன. மாநிலங்களுக்குப் போனவை 12. 1791 டிசம்பர் 15-இல் நிறைவேறியவை 10. மீதியில் ஒன்று, காங்கிரஸ் உறுப்பினர் சம்பளம் பற்றியது, 1992-இல்தான் 27-ஆம் திருத்தமாயிற்று.

இன்றைய பேச்சாளர்களைக் குறை சொல்வது என் நோக்கமன்று. யாரையும் மனத்தில் வைத்தும் எழுதவில்லை. நன்றாகப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ‘ஃபெடரலிஸ்ட்’ வரிசையில் மேடிசனின் பத்தாம் கட்டுரையிலிருந்து இரண்டு வரி, கைத்தட்டல், பொன்னாடை என்று ஆகிவிட்டது. கோஷ்டிகளின் கேட்டை எழுதிய அதே மேடிசன் நாலைந்து ஆண்டுக்குள் ஜெஃபர்சனோடு சேர்ந்து கட்சி கட்டியதை எவரும் தொடுவதில்லை. 1800 அதிபர் தேர்தலில் ஒரே கட்சியின் ஜெஃபர்சனும் பர்ரும் ஆளுக்கு 73 தேர்வாளர் வாக்குப் பெற்று, சபையில் 36 சுற்று வாக்கெடுப்பு நடந்ததை ‘குழப்பம்’ என்று ஒரே சொல்லில் கடக்கிறார்கள். கட்சிகளையே எதிர்பாராத ஏற்பாட்டுக்குள் கட்சி புகுந்ததன் விளைவல்லவா அது? அதிபருக்கும் துணை அதிபருக்கும் தனித்தனியே வாக்களிக்கச் சொல்லி 1804-இல் 12-ஆம் திருத்தம் வந்தது எதற்காம்?

ஒரு விழாவில் ஒருவர், உரிமைச் சாசனம் பிலடெல்ஃபியா மாநாட்டிலேயே எழுதப்பட்டது என்றார். அவையில் முணுமுணுப்புகூட எழவில்லை. அது இல்லை என்பதை முதற்குறையாகச் சொல்லித்தானே 1787 செப்டம்பரில் ஜார்ஜ் மேசன் கையெழுத்திட மறுத்தார்! முன்பெல்லாம் எழுந்து நின்று “எந்தப் பக்கத்தில் இருக்கிறது, ஐயா?” என்று கேட்கும் பெரியவர்கள் இருந்தார்கள். இப்போது பேச்சுக்கு இருபது நிமிடம், கேள்விக்கு நேரமில்லை, போட்டோவுக்கு அரை மணி. இலை போட்டுப் பரிமாறிய காலத்தில் சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவே திருத்தும் முறையைச் சொல்லும் ஐந்தாம் ஷரத்தைப் பற்றிச் சண்டை நடக்கும். பஃபே வந்தது, அதுவும் போயிற்று.

செயலாளருக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டு ஒப்புதல் வாதங்கள் மட்டுமே தலைப்பாக இருக்கட்டும். பேச வருகிறவர் எந்த மாநாட்டுப் பதிவிலிருந்து பேசுகிறார் என்று முன்கூட்டியே எழுதித் தரட்டும். கேள்விக்கு அரை மணி ஒதுக்குங்கள். போட்டோவை வாசலில் எடுத்துக்கொள்ளலாம்.