கம்பின் நீளமும் மூச்சின் தூரமும்

மட்டக்களப்பில் தற்காப்புக்கலை வகுப்புகளை மீளத் தொடங்கப் பெரிய வாய்ப்பு இரண்டு முறை வந்தது. 2020 ஜூன் 28ஆம் திகதி நாடு முழுவதும் கொவிட் ஊரடங்கு நீங்கியபோது ஒன்று. 2021 ஒக்டோபர் 1ஆம் திகதி தனிமைப்படுத்தல் ஊரடங்கு முடிந்தபோது மற்றொன்று. முதலாவது வெக்கையான கச்சான் காற்று வீசும் காலம். இரண்டாவது மாரிக்குச் சற்று முன். நாட்டுக்கெல்லாம் பொதுவாக எழுதப்படும் சுற்றறிக்கைக்குள் இந்த வேறுபாடு அடங்காது; வாவிக்கரையில் கழகம் நடத்துபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே "பாதுகாப்பாகத் தொடங்கினோம்" என்ற கூற்றைக் கலையின் உள்ளே செய்த மாற்றத்தை வைத்தே அளக்கிறேன். எந்தப் பயிற்சியில் இருவர் நெருங்குகிறார்கள், எதில் மூச்சு வாங்குகிறது, எதில் குரல் உயர்கிறது என்று தன் பாடத்தைத் தானே பிரித்துப் பார்த்த கழகம் தேறும்.

வாசல் ஏற்பாடுகளை முதலில் தீர்த்துவிடலாம். நெற்றியில் பிடிக்கும் வெப்பமானி காய்ச்சல் கண்டவரை மட்டுமே காட்டும். கொவிட்டோ அறிகுறி தோன்றுமுன்பே பரவும். பெயர்ப் பதிவேட்டின் பயன் உறுதியானது: தொற்று ஏற்பட்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் யாரைத் தேடவேண்டும் என்பதை அது சொல்லும். மெத்தைகளைத் துடைப்பது நல்ல பழக்கம். கொரோனாவுக்கு முன்பும் செய்திருக்க வேண்டியதுதான். முதன்மை ஆபத்து அங்கே இல்லை.

ஆபத்து காற்றில் இருந்தது. தென்கொரியாவின் சியோனான் நகரில் 2020 பெப்ரவரி, மார்ச் மாதங்களில் உடற்பயிற்சி நடன வகுப்புகள் வழியாக, 12 நிலையங்களோடு தொடர்புபட்ட 112 பேருக்குத் தொற்று ஏற்பட்டது. வகுப்பு ஒன்று 50 நிமிடம். ஒரே அறையில் 5 முதல் 22 பேர். யாரும் யாரையும் பிடிக்கவில்லை, அடிக்கவில்லை. நெருக்கமான அறையில் வேகமாக மூச்சுவிட்டார்கள், அவ்வளவுதான். ஐந்துக்கும் குறைந்தவர்கள் இருந்த வகுப்புகளில் தொற்று காணப்படவில்லை. அந்த ஆசிரியர்களுள் ஒருவர் ஏழெட்டுப் பேருக்கு நடத்திய மென்மையான யோகா, பிலாட்டீஸ் வகுப்புகளிலும் இல்லை. ஒரு நகரத்தின் தரவு, தொற்றின் தொடக்க காலம் என்ற வரையறைகள் இதற்கு உண்டு. ஆயினும் தலை எண்ணிக்கை, மூச்சின் வேகம், அறையின் காற்று என்ற மூன்றையும் ஒருசேர வைத்துப் பார்க்க இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

இந்த உரைகல்லில் கராத்தே விசித்திரமாகத் துலங்குகிறது. அடிப்படை அசைவுகளான கிஹோன், தனியாள் கோவையான காத்தா, இருவர் மோதும் குமித்தே என்று அதன் பாடமே ஏணிபோல அமைந்திருக்கிறது. முதலிரண்டு படிகளோடு தொடங்கிக் குமித்தேயைத் தள்ளிவைக்க எந்த அதிகாரியின் கட்டளையும் தேவையில்லை. இது பெரிய பலம். பலவீனம் கியாய் என்ற முழக்கத்தில் இருக்கிறது. சாளரம் அடைத்த மண்டபத்தில் இருபது பிள்ளைகள் இரண்டு மீற்றர் இடைவெளியில் நின்று, குத்துக்குக் குத்து முழங்கினால் இடைவெளி விதி நிறைவேறிவிடும், பாதுகாப்பு நிறைவேறாது. தூரத்தைக் காத்து மூச்சை மறந்த வகுப்பை முறையான வகுப்பாக நான் ஏற்கவில்லை.

சிலம்பத்தின் நிலை மேலானது. நெற்றியுயரக் கம்பு சுழலும்போது அருகில் எவரும் வரமுடியாது. இடைவெளி இங்கே கலையின் இலக்கணம். களமும் வெட்டவெளி. ஆனால் எதிராளி இல்லாத சிலம்பம் விரைவில் அலங்காரமாகிவிடும். கம்பைச் சுற்றத் தெரியும், வரும் அடியைத் தடுக்கத் தெரியாது என்ற தலைமுறை உருவாகும். பாதுகாப்பில் முதலிடம் பெற்ற கலைக்கே உள்ளடக்கத்தில் இழப்பும் பெரிது.

கிழக்கில் வழங்கும் சீனடி என்ற தற்காப்புக்கலை மிகக் கடினமான வழக்கு. நெருக்கமே அதன் உயிர்; பிடியை நீக்கினால் எஞ்சுவது குறைவு. யூடோவுக்கும் இதே சிக்கல்தான். 2020 ஒக்டோபரில் புடாபெஸ்ட்டில் சர்வதேச யூடோ சம்மேளனம் போட்டியை மீளத் தொடங்கியது அடுத்தடுத்த பீசீஆர் பரிசோதனைகளின் பலத்தில். ஊர்க் கழகத்துக்கு அந்த வசதி ஏது? சீனடிக்கு நேர்மையான வழி இரண்டே: பிந்தித் தொடங்குவது, அல்லது ஒரே வீட்டுச் சகோதரர்களை இணையாக நிறுத்துவது.

முகக்கவசம் பற்றி இரு நிலைப்பாடுகள் மோதின. கடும் உடற்பயிற்சியின்போது அணியவேண்டாம் என்றது உலக சுகாதார நிறுவனம். 2020 ஜூனில் ஜப்பானின் கெண்டோ (வாள்வீச்சு) சம்மேளனமோ இணைப் பயிற்சியை மீளத் தொடங்க, தலைக்கவசத்துக்குள்ளும் முகத்துணி கட்டாயம் என்றது. வாள்பிடிகள் முட்டி நிற்கும் நெருக்கத்தையும் தவிர்க்கச் சொன்னது. கெண்டோக்காரரின் முடிவே தர்க்க ஒழுங்குள்ளது. தம் கலையில் முழக்கமும் நெருக்கமும் எங்கே சந்திக்கின்றன என்று அவர்கள் கண்டிருந்தார்கள். ஆனால் அதை அப்படியே இங்கே பெயர்த்து நடமுடியாது. கச்சான் வெக்கையில் வியர்வையில் தோய்ந்த துணி வழியாகப் பிள்ளை மூச்சுவிடத் திணறும். வேகத்தைக் குறைப்பதும் வெளியே போவதுமே இவ்வூருக்குரிய தீர்வு. கல்லடிக் கடற்கரையில் விடியற்காலை வகுப்பு அதற்குப் பொருந்தும். மணலில் கால் புதைந்து நிலைகள் பிசகும். அந்தக் குறை பின்னால் திருத்தக்கூடியது.

நோயிலிருந்து மீண்ட மாணவரிடம் காட்டவேண்டிய பொறுமை பற்றிக் கழகங்கள் போதிய அளவு பேசவில்லை என்பது என் மனக்குறை. 2020இல் பிரித்தானிய விளையாட்டு மருத்துவ சஞ்சிகையில் வந்த வழிகாட்டல் குறைந்தது பத்து நாள் ஓய்வையும், அதில் ஏழு நாள் அறிகுறியற்றிருப்பதையும் கேட்டது. அதன் பிறகே படிப்படியான பயிற்சி. பட்டிக்கான தரப்படுத்தலுக்குத் திகதி குறித்துவிட்டுப் பிள்ளையை அவசரப்படுத்தும் பயிற்றுவிப்பாளர் இருமல் நின்றதையே சுகம் என்று எடுத்துக்கொள்வார்.

2021 ஒக்டோபரில் பெரியவர்களுள் பெரும்பாலோர் தடுப்பூசி பெற்றிருந்தார்கள். பன்னிரண்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை. கழகங்களை நிரப்புவது பெரும்பாலும் அந்த வயதுதான். அதே மாதம் 21ஆம் திகதி அரசு முதலில் திறந்தது 200க்குக் குறைந்த மாணவர்களைக் கொண்ட பாடசாலைகளின் ஆரம்ப வகுப்புகளை. சிறு எண்ணிக்கையிலிருந்து தொடங்குவது என்ற அந்தக் கொள்கை கழகத்துக்கும் பொருந்தும்.

என் தீர்ப்பில் சிலம்பம் முதலாவது, முழக்கத்தை அடக்கிய கராத்தே இரண்டாவது, சீனடி காத்திருந்தால் மட்டும் தேறும். கச்சான் காலத்தில் வெட்டவெளி தந்த பாதுகாப்பில் பாதி பருவத்தின் கொடை. அதைக் கழகத்தின் திறமைக் கணக்கில் நான் எழுதமாட்டேன். உண்மையான பரீட்சை நவம்பரில், மழைக்கு அஞ்சிப் பிள்ளைகள் மண்டபத்துக்குள் ஒதுங்கிய மாலையில் நடந்தது. அன்று வகுப்பை இரண்டாகப் பிரித்து, சாரல் அடித்தாலும் சாளரங்களைத் திறந்து வைத்தவருக்கே முழு மதிப்பெண்.