சுவரெழுத்தும் நிழற்படமும்: காங்கேசன்துறையை முன்வைத்து ஒரு நோக்கு

சுவரில் எழுதப்படுவது நெடுங்காலம் நிலைப்பதில்லை. மழை அதனைக் கழுவும். புதிய வெள்ளைப்பூச்சு அதனை மறைக்கும். பிறிதொரு கை அதன்மேல் எழுதிச் செல்லும். பெரும்பாலும் எஞ்சுவது நிழற்படம் ஒன்றே. எனவே சுவரெழுத்தைப் படம்பிடிப்பவர் வெறும் பார்வையாளர் அல்லர். அச்சுவரைப்பற்றி வருங்காலம் எதனை அறியும், எதனை அறியாதுவிடும் என்பதைத் தீர்மானிப்பவரும் அவரே.

இத்துறையின் முன்னோடிகளுள் தலையாயவர் ஹங்கேரியிற் பிறந்து பாரிசில் வாழ்ந்த பிரசாய் ஆவார். 1933இல் 'மினோதோர்' சஞ்சிகையில் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பு, குகைச் சுவரிலிருந்து தொழிற்சாலைச் சுவருக்கு என்னும் பொருளுடையது. பெயரறியாத மாந்தர் தெருச்சுவர்களிற் கீறிய உருவங்களைக் கலையென மதித்த பெருமை அவருக்குரியது. 1956இல் நியூயோர்க் நவீன கலைக்கூடம் அப்படங்களைக் காட்சிக்கு வைத்தது. ஆயினும் அவற்றைக் காதல், மரணம், மந்திரம் என்றவாறு அவர் வகைப்படுத்தியமை ஆழ்ந்து நோக்கற்பாலது. அவ்வகைப்பாட்டிற் கீறியவரின் தெருவும் தொழிலும் காலமும் மறைந்துவிடுகின்றன. சுவரின் குழிகள் கண்களாகவும் வாய்களாகவும் தோன்றுகின்றன. அக்குழிகள் எவ்வாறு ஏற்பட்டன என்னும் வினா எழுவதேயில்லை.

1984இல் வெளிவந்த, நியூயோர்க்கின் சுரங்க இரயில் ஓவியங்கள்பற்றிய நூல் இவ்வினாவை வேறொரு வகையில் எழுப்புகின்றது. ஹென்றி சல்பன்ற் மேடையில் நின்று அடுத்தடுத்துப் பல படங்கள் எடுத்து, அவற்றை ஒட்டி, ஓவியம் தீட்டிய பெட்டி முழுவதையும் காட்டினார். மார்த்தா கூப்பரோ தொலைவில் காத்திருந்து, இடிந்த கட்டடங்களினூடே அவ்வண்டி செல்லும் காட்சியைப் பிடித்தார். முன்னவர் ஓவியத்தைத் தந்தார். பின்னவர் அவ்வோவியம் பிறந்த நகரத்தைத் தந்தார். 1989இல் அவ்வண்டிகள் யாவும் துப்புரவாக்கப்பட்டபின், இவ்விரு நோக்குகளும் ஒன்றையொன்று நிறைவுசெய்யும் சான்றுகளாகிவிட்டன.

இவ்வனுபவங்களை மனங்கொண்டு யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய தொழிற்பகுதியாகிய காங்கேசன்துறையை நோக்குதல் பொருத்தமாகும். ஜீ. ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராயிருந்த காலத்தில், 1950இல் உற்பத்தியைத் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலை, இம்மண்ணின் சுண்ணாம்புக்கல்லை அகழ்ந்தே வளர்ந்தது. 1990இல் போர் அதனை மூடியது. வலிகாமம் வடக்கின் மக்கள் இடம்பெயர்ந்தனர். அவர்களது நிலம் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. போர் முடிவுற்ற 2009இன் பின்னரே அந்நிலம் பகுதி பகுதியாக விடுவிக்கப்படலாயிற்று. 2015இல் புகையிரதம் மீண்டும் காங்கேசன்துறையை அடைந்தது. அதனுடன் கமராக்களும் வந்தன.

இங்குதான் பிரசாயின் நோக்கு போதாமை எய்துகின்றது. வலிகாமம் வடக்கின் சிதைந்த சுவரொன்றிலுள்ள துளையை வெறும் வடிவமாகக் காண்பது எளிது. பாசியும் காரையும் கரிக்கோடும் கூடிய அழகிய பரப்பாக அது கமராவிற்குக் காட்சியளிக்கும். ஆனால் அத்துளை எறிகணையாலோ துப்பாக்கிச் சூட்டாலோ விளைந்ததாயின், அதனை நிறச்சேர்க்கையாக மாத்திரம் காட்டும் படம், காணத்தக்கதைக் காட்டி அறியத்தக்கதை மறைக்கின்றது. அச்சுவர் ஒருவரது வீட்டின் சுவர். அதிற் கரியால் எழுதப்பட்ட ஒரு பெயர், அங்கு வாழ்ந்தவருடையதாயிருக்கலாம். இடையில் அங்குத் தங்கியவருடையதாயிருக்கலாம். பின்னர் வேடிக்கை பார்க்க வந்தவருடையதாயுமிருக்கலாம். எழுத்தின் மொழியும் இடமும் காலமும் பதியப்படாதவிடத்து, இம்மூவரும் ஒருவராகிவிடுகின்றனர். இஃது அழகியற் குறை மாத்திரமன்று; வரலாற்றுக்கு இழைக்கப்படும் அநீதியுமாகும்.

2019இன் இறுதியில் நாடெங்கும் இளைஞர் சுவர்களில் ஓவியந் தீட்டியபோது, யாழ்ப்பாணத்திலும் வண்ணச் சுவர்கள் தோன்றின. அவற்றுக்கும் இது பொருந்தும். வண்ணத்தின்கீழ் முன்பு என்ன எழுதப்பட்டிருந்தது, யாருடைய விருப்பத்தால் எழுதப்பட்டது என்பன படத்துடன் சேரவேண்டிய செய்திகளாம்.

படத்துடன் விளக்கம் சேர்ப்பது கலையைக் குறுக்கிவிடும் எனச் சிலர் வாதிடலாம். இதற்கு மறுமொழி இந்நாட்டிலேயே உண்டு. சிகிரியாவின் கண்ணாடிச் சுவரில், எட்டாம் நூற்றாண்டு முதலாகப் பார்வையாளர் கீறிச் சென்றவற்றுள் 685 பாடல்களை வாசித்து, 1956இல் செனரத் பரணவிதான பதிப்பித்தார். எழுதியவர் தம் பெயரையும் ஊரையும் குறித்திருந்த இடங்களில் அவற்றையும் அவர் விடாது பதிந்தார். அதனால் அப்பாடல்களின் சுவை குன்றவில்லை. மாறாக, கிறுக்கல்களாகக் கிடந்தவை இலக்கியமாயின.

ஆகவே சுவரொன்றைப் படம்பிடிக்க முனைவோர் மூன்று கடமைகளை ஏற்றல் வேண்டும். எழுத்தை அண்மையிலிருந்து எடுப்பதோடு, சுவர் நிற்கும் சூழலைத் தொலைவிலிருந்தும் எடுத்தல் முதலாவது. இடத்தையும் நாளையும் எழுத்தின் வாசகத்தையும் குறித்தல் இரண்டாவது. அதே சுவருக்கு மீண்டும் சென்று மாற்றத்தைப் பதிதல் மூன்றாவது. இவற்றுக்குப் பெரும்பொருள் தேவையில்லை. ஒரு கமராவும் ஒரு குறிப்பேடும் பொறுமையும் போதும். காங்கேசன்துறையின் சுவர்கள் இடிக்கப்படலாம்; மீளக் கட்டப்படலாம். மக்கள் மீள்வதற்காக அவை மாறுமாயின், அது வரவேற்கத்தக்கதே. ஆனால் அவை மாறுமுன் எடுக்கப்படும் படங்கள் அழகை மாத்திரம் காத்து, அங்கு வாழ்ந்தோரை இழந்துவிடுமாயின், அச்சுவர்கள் இரண்டாம் முறை வெள்ளையடிக்கப்பட்டனவாகவே கொள்ளப்படும்.