கழுவிய காலையே கழுவுவது

திருத்தந்தை பிரான்சிஸ் 2025 ஏப்ரலில் மறைந்தபோது பத்திரிகைகள் தேடியெடுத்துப் போட்ட படங்களில் ஒன்று, அவர் மண்டியிட்டுக் கைதிகளின் பாதங்களைக் கழுவும் படம். அதைக் காட்டி மறையுரைகளில் ஒரு வாதம் வாடிக்கையாகிவிட்டது: தாழ்ச்சி மனத்தில் தானாக ஊறாது, உடம்பைக் குனியவைத்தால் மனமும் மெல்லக் குனியும், பெரிய வியாழன் கால் கழுவும் சடங்கு செருக்குக்கு ஆண்டுதோறும் போடும் கடிவாளம்.

பாதி உண்மை. உடம்பு வழியே மனம் பழகும் என்பதை முழந்தாளிட்டுச் செபித்தவர் யாரும் மறுக்கமாட்டார். பிரான்சிஸ் 2013-இல் உரோமையின் சிறார் சிறைக்குப் போய்ப் பெண்கள், இஸ்லாமியர் கால்களையும் கழுவியதும், ஆண்களுக்கு மட்டுமே என்றிருந்த விதியை 2016-இல் மாற்றியதும் படத்துக்காகச் செய்தவை அல்ல.

ஆனால் நம் பங்குகளில் நடப்பது என்ன? தவக்காலக் கடைசியில் பன்னிரண்டு பேர் பட்டியல் தயாராகும். அன்பியத்துக்கு ஒருவர், பேரவையிலிருந்து இருவர், கொடிமரத்துக்கு நன்கொடை தந்தவர் ஒருவர். முதல் நாள் இரவே இவர்கள் குதிகாலைக் கல்லில் தேய்த்து, நகம் வெட்டி, சோப்புப் போட்டுக் கழுவிவிடுகிறார்கள். பீடத்தின் முன் போட்ட நாற்காலிகளிலிருந்து வலது கால் மட்டும் நீள்கிறது. ஒரு செம்புத் தண்ணீர், ஒரு துண்டு, ஒரு முத்தம், கேமரா வெளிச்சம். அழுக்கே இல்லாத காலைக் கழுவ அப்படியென்ன தாழ்ச்சி வேண்டும்? இது நம் கண்டுபிடிப்புமல்ல. இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத் அரசி ஏழைப் பெண்களின் கால்களைக் கழுவுமுன், அரண்மனைப் பணியாளர்கள் அவற்றைக் கழுவிவைத்தார்கள்.

என் நெடுநாள் மனத்தாங்கல் அழுக்கோடு முடிவதில்லை. குனிவதற்கு முதலில் உயரம் வேண்டும். மேலே இருப்பவர் ஒரு மாலை குனிந்தால் அது தாழ்ச்சி. கீழே இருப்பவர் ஆண்டு முழுவதும் குனிந்தால் அது வெறும் வேலை. பங்குத்தந்தை எழும்போது முன்னைவிட ஓரங்குலம் உயர்ந்தே எழுகிறார்: "எவ்வளவு எளிமையான சாமி!" சிந்திய தண்ணீரைப் பழந்துணியால் துடைக்கும் கோயில்பிள்ளையைப் பார்த்து யாரும் அப்படிச் சொன்னதில்லை. செருக்கை அடக்க வந்த சடங்கு அதற்கே தீனி போடுகிறது. யோவான் நற்செய்தியில் இயேசு கேட்டது இதுவா? சீடர்கள் ஒருவர் காலை ஒருவர் கழுவவேண்டும் என்றார். நம் கோயில்களில் தண்ணீர் ஒரே திசையில்தான் ஓடுகிறது.

உடம்பு குனிந்தால் மனமும் குனியும் என்றால், வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயிலை மறந்துவிட முடியுமா? தாழ்ச்சியைப் பற்றிய மறையுரைகளுக்கு அங்கேயும் பஞ்சம் இருந்திருக்காது. ஆனாலும் கோயிலுக்குள் சாதிச் சுவர் நின்றது. கடவுள்முன் மடங்கிய முழங்கால்கள் பக்கத்துத் தெருக்காரர் அருகே மடங்க மறுத்தன. 1910-இல் சுவர் இடிக்கப்பட்டபோது மேல்சாதிக் கத்தோலிக்கர் நீதிமன்றம் ஏறினார்கள். சென்னை உயர் நீதிமன்றம் 1917-இல் அவர்கள் கோரிக்கையை ஏற்கவில்லை. யார் மனமும் உருகி அந்தச் சுவர் விழவில்லை. இடித்துத்தான் தள்ளவேண்டியிருந்தது.

மனம் உருகக் காத்திராத வழி ஒன்றும் உண்டு. 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் எழுதிய துறவற ஒழுங்கில் தாழ்ச்சிக்குப் பன்னிரண்டு படிகள் உண்டு. எல்லாரும் அவற்றையே மேற்கோள் காட்டுவார்கள். எனக்குப் பிடித்தது சமையற்கட்டைப் பற்றிய பகுதி. துறவிகள் வாரம் ஒருவராக முறைவைத்துச் சமையற்கட்டு வேலை பார்க்கவேண்டும். சனிக்கிழமை முறை முடிப்பவர் இடத்தைத் துப்புரவாக்கி, துண்டுகளைத் துவைக்கவேண்டும். பிறகு அவரும் அடுத்த முறைக்காரரும் சேர்ந்து எல்லார் கால்களையும் கழுவவேண்டும். இன்று முறை முடித்துக் கழுவியவர் அடுத்த வாரம் கால் நீட்டுவார். துண்டு துவைப்பதோடு சேர்ந்துவிட்ட வேலையை யார் வியந்து பார்ப்பார்கள்? வியக்க ஆளில்லாத இடத்தில் செருக்குக்கும் வேலையில்லை.

பன்னிரண்டு பேர் பட்டியல் இந்த ஆண்டும் அறிவிப்புப் பலகையில் தொங்கும். பக்கத்திலேயே இன்னொன்றை ஒட்டலாம்: திருவிழாவின் பத்து நாளும் கோயில் கழிப்பறையைக் கழுவும் முறைப்பட்டியல். பங்குத்தந்தையின் பெயரும், பேரவைத் துணைத்தலைவர் பெயரும், கொடிமர நன்கொடையாளர் பெயரும் அதில் இருக்கட்டும். அதற்கும் பன்னிரண்டு பேர் கிடைத்துவிட்டால், பெரிய வியாழன் நாற்காலிகளைப் பற்றி நான் வாய்திறக்கமாட்டேன்.