படகில் போன கொடிகள்

ஒலிம்பிக் தொடக்க விழாவுக்கு அணிவகுப்புதான் உயிர். ஆட்டமும் பாட்டும் அதைச் சுற்றிக் கட்டும் தோரணம். 2024 ஜூலை 26 அன்று பாரிஸ் இதைத் தலைகீழாக்கியது. அரங்கத்துக்குள் நடந்துவர வேண்டிய வீரர்களை சென் நதியில் 6 கி.மீ. தூரம், 85 படகுகளில் அழைத்து வந்தார்கள். வந்ததோ இருநூறுக்கும் மேற்பட்ட அணிகள். பெரிய நாட்டுக்குத் தனிப் படகு, சின்ன நாடுகளுக்குப் பங்குப் படகு என்றாகிவிட்டது.

ஷார்ஜாவில் எங்கள் அடுக்குமாடியில் ஒரே டிவி முன்னால் பிலிப்பைன்ஸ், கென்யா, பாகிஸ்தான், இலங்கை, இந்தியா என எல்லா வீட்டாரும் இருந்தோம். டோக்கியோவில் பளுதூக்கி, தன் நாட்டின் முதல் ஒலிம்பிக் தங்கத்தை வென்ற ஹிடிலின் டியாஸ் பற்றிப் பிலிப்பினோ நண்பர் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார். தம் கொடி திரையில் வரும் சில விநாடிக்காகத்தான் அத்தனை பேரும் காத்திருந்தோம்.

அரங்க அணிவகுப்பில் அந்த விநாடி உறுதி. பெயர் ஒலிக்கும், கொடி முன்னால் வரும். ஆறு பேர் வந்தாலும் அறுநூறு பேர் வந்தாலும் நடக்கும் பாதை ஒன்றே. பாரிஸில் கேமரா அடிக்கடி படகை விட்டுவிட்டுக் கரையில் நடந்த நிகழ்ச்சிக்குத் தாவியது. ஆறே வீரர்களை அனுப்பிய இலங்கைக்காகக் கண்கொட்டாமல் இருந்த யாழ்ப்பாணத்து அக்கா, "எங்கட ஆக்கள் போயிட்டினமோ?" என்று கேட்டார். போய்விட்டார்கள். பேட்மிண்டன் வீராங்கனை சிந்துவோடு இந்தியக் கொடி பிடித்த நம் சென்னை டேபிள் டென்னிஸ் வீரர் சரத் கமலுக்கு வயது 42, அது ஐந்தாவது ஒலிம்பிக். அந்த முகத்தையும் நின்று பார்க்க விடவில்லை.

விழாவின் கலை இயக்குநர் தாமஸ் ஜோலியின் துணிச்சலை மதிக்கிறேன். கொட்டும் மழையில் அலெக்சாண்டர் கான்டரோவ் பியானோ வாசித்தார். 1948இல் சைக்கிள் பந்தயத்தில் தங்கம் வென்ற நூறு வயது சார்லஸ் கோஸ்ட், சக்கர நாற்காலியில் இருந்தபடி சுடரைப் பிரெஞ்சு விளையாட்டு வீரர்கள் மரி-ஜோஸ் பெரெக், டெடி ரினே இருவரிடம் தந்தார். கடுமையான நரம்பு நோயோடு போராடிவந்த செலின் டியோன் ஈஃபில் கோபுரத்திலிருந்து பாடியபோது, பிரெஞ்சு தெரியாத எங்கள் கூடத்தில் பலர் கண்ணைத் துடைத்தார்கள். மறக்க முடியாத கலை அது.

ஆனாலும் வீரர்கள் அங்கே காட்சிப் பொருளாகச் சுருங்கினார்கள் என்பதே என் மதிப்பீடு. 2028 லாஸ் ஏஞ்சலிஸ் விழா கொலிசியம், சோஃபை என இரண்டு அரங்கங்களில் நடக்கவிருக்கிறது. பாட்டைக் குறைத்தாலும் சரி, ஒவ்வோர் அணியும் தன் பெயர் ஒலிக்கத் தனியாக நடந்து வரட்டும். எல்லா அணியும் வந்து முடியும்வரை கேமரா வேறெங்கும் போகக்கூடாது.