எழுப்புதலும் ஏவலும்: ‘சோலோ லெவலிங்’ இரண்டாம் பருவம் – ஒரு மதிப்பீடு

நம் சபைகளின் இளைஞர் எதைக் கண்டு மகிழ்கின்றனர் என்பதை ஆயர்கள் அறிந்திருத்தல் நலம். மதுரை நகரிலும் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் வட்டாரங்களிலும் வாலிபர் கைப்பேசிகளில் ‘அனிமே’ எனப்படும் ஜப்பானிய ஓவியத் திரைத்தொடர்கள் இடம் பெற்றுள்ளன. அவற்றுட் சில இன்று தமிழிலேயே பேசுகின்றன. பேய்க்கதை என்று இவற்றைக் கடிந்து விலக்குவோரும், சிறுவர் விளையாட்டு என்று நகைத்து விடுவோரும் நம்மிடையே உளர். இரு சாராரும் பெரும்பாலும் பாராமலே தீர்ப்பளிப்பவர்கள். 2025 ஜனவரி முதல் மார்ச் முடிய 13 பகுதிகளாக வெளிவந்து, தமிழ்க் குரலிலும் கிடைக்கும் ‘சோலோ லெவலிங்’ தொடரின் இரண்டாம் பருவத்தை, ஒரு கலைப்படைப்புக்கு உரிய மதிப்போடு ஈண்டு ஆராய முற்படுவோம்.

கதையும் ஆக்கமும்

கொரிய எழுத்தாளர் சுகோங் இணையத்தில் எழுதிய புதினமே இதன் மூலம். ஜாங் சுங்-ராக் என்னும் ஓவியரின் கைவண்ணத்தில் 2018 முதல் அது சித்திரக்கதையாக வெளிவந்து புகழ் பெற்றது. அவ்வோவியர் 2022-இல் மறைந்தார். ஜப்பானின் ஏ-1 பிக்சர்ஸ் நிறுவனம், ஷுன்சுகே நகாஷிகேயின் இயக்கத்தில் இதனைத் திரைத்தொடராக்கியது.

உலகில் ஆங்காங்கே வேற்றுலக வாயில்கள் திறக்கின்றன. அவற்றுள் உறையும் கொடிய உயிர்களை எதிர்க்கும் ஆற்றல் மாந்தருட் சிலருக்கு வாய்க்கிறது. இவர்கள் ‘வேட்டையர்’ எனப்படுவர். ஈ என்னும் கடைத்தரம் முதல் எஸ் என்னும் தலைத்தரம் வரை இவர்கள் வகுக்கப்படுகின்றனர். ஒருமுறை வாய்த்த தரம் பின்னர் மாறுவதில்லை. கடைத்தரத்தினனான சங் ஜின்வூ, நோயில் உறங்கும் தாய்க்காகவும் தங்கைக்காகவும் உயிரைப் பணயம் வைத்துப் பிழைப்பவன். சாவின் விளிம்பில், தரம் உயரும் வாய்ப்பு அவன் ஒருவனுக்கு மட்டும் அருளப்படுகிறது. முதற்பருவத்தின் முடிவில், மடிந்தோரைத் தன் நிழற்படையாக எழுப்பும் வல்லமையையும் அவன் பெறுகிறான்.

இரண்டாம் பருவம் அவ்வல்லமையின் வளர்ச்சியைக் காட்டுகிறது. பனி சூழ்ந்த செவ்வாயிலில் நிகழும் போர், அரக்கர் கோட்டையில் தாய்க்கான அமுத மருந்தைத் தேடுதல், ஜேஜு தீவில் எறும்புப் படையோடு மோதுதல் ஆகியன இதன் முக்கியக் கட்டங்கள்.

இப்பருவத்தின் கலைச்சிறப்பை மறுப்பதற்கில்லை. ஹிரோயுகி சவானோவின் இசையும், போர்க்காட்சிகளின் வேகமும் பார்ப்போரைக் கட்டிப்போடுகின்றன. எனினும் இவற்றினும் மேலாக நம் நெஞ்சில் நிற்பது, தாய் கண்விழிக்கும் காட்சியே. எதற்கும் கலங்காதவனாய் இறுகிப்போன மகன், தாயின் குரல் கேட்டு அழுகிறான். அத்தனை போரும் எதற்காக என்பதைத் தொடர் அங்கே நினைவூட்டுகிறது.

ஒருவனுக்கு மட்டுமான உயர்வு

இக்கதை நம் இளைஞரை ஏன் ஈர்க்கிறது? பிறக்கும்போதே தரம் எழுதப்பட்டுவிடும் உலகம் இச்சமவெளிக்குப் புதிதன்று. மேலூரை அடுத்த மேலவளவில், தேர்தலில் வென்று ஊராட்சித் தலைவரான முருகேசன், சாதியின் பெயரால், தம்மோடு இருந்த சிலருடன் 1997 ஜூனில் கொல்லப்பட்டார். கீழே வைக்கப்பட்டவர் மேலே அமர்ந்ததைப் பொறாத வன்மம் அது. மற்றொரு புறம், மதிப்பெண் பட்டியலில் தம் இடத்தைத் தேடிச் சோரும் மாணவரும் நம் இல்லங்களில் உளர். மாறாது என்று சொல்லப்பட்ட தரத்தை ஒருவன் மாற்றிக் காட்டும்போது அவர்கள் கைதட்டுவது இயல்பே. அக்கைதட்டலில் நியாயமான ஓர் ஏக்கம் உண்டு.

ஆயினும் தொடர் அவ்வேக்கத்துக்குத் தரும் விடை குறையுடையது. இப்பருவத்தில் ஜின்வூ மீண்டும் சோதிக்கப்பட்டு எஸ் தரத்தினனாக அறிவிக்கப்படுகிறான். ஏணியின் அடியில் நின்றவன் உச்சியை அடைந்தான். ஏணி அப்படியே நிற்கிறது. அவனோடு அடியில் நின்ற ஏனைக் கடைத்தர வேட்டையரின் நிலை என்ன என்று ஒருவரும் வினவுவதில்லை. உடனிருப்போர் மெல்ல மெல்ல வியந்து நோக்கும் பார்வையாளராகிவிடுகின்றனர். வாள்வீச்சில் தேர்ந்த சா ஹே-இன் கூட, ஈற்றில் வீழ்ந்து அவன் வரவுக்காகக் காத்துக் கிடக்கவேண்டியவள் ஆகிறாள். ஒருவனைப் பெரியவனாகக் காட்ட மற்ற அனைவரையும் சிறுக்க வைப்பது கதைக்கலையிலும் ஒரு குறையே.

மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியப் பணியாற்றி 2005-இல் மறைந்த அருட்திரு தியோபிலஸ் அப்பாவுவை இவ்விடத்தில் நினைவுகூர்தல் பொருந்தும். ‘பரட்டை அண்ணன்’ என்று அன்போடு அழைக்கப்பட்ட அவர், ஒரே உலையில் சமைத்து ஒன்றாய் உண்ணும் குடும்பத்தைத் தம் இறையியலின் மையத்தில் வைத்தார். விடுதலை என்பது பந்தியில் அனைவரும் சமமாய் அமர்வது என்பதே அதன் கருத்து. தனித்து உயர்தல் என்பதைத் தலைப்பிலேயே தாங்கிய தொடருக்கு நம் மண் தரும் மறுமொழி இதுவாகும்.

எழுந்திரு என்னும் கட்டளை

இறையியல் மாணவர் உற்று நோக்கவேண்டிய மற்றொன்று, தொடரின் மையச் சொல்லாகிய கட்டளை. பிணத்தின் முன் நின்று ஜின்வூ ‘எழுந்திரு’ என்கிறான். மூன்று முறை முயலலாம்; அதன்பின் இயலாது. எழும் நிழல் அவனுக்கே உரியது. அது மறுத்துப் பேசாது. அழிந்தாலும் மீண்டும் உருப்பெற்று அவனுக்காகப் போரிடும். செவ்வாயிலில் பலவீனரைக் கைவிட்டுச் சென்ற கிம் சுல், பின்னர் ஜின்வூவையே தாக்கி மடிகிறான். அவன் நிழலும் படையில் சேர்கிறது. அவன் திருந்தினானா என்னும் வினாவுக்கு அங்கே இடமில்லை. அவன் வலிமை மட்டுமே தேவைப்பட்டது.

வைகைப் படுகையில் உள்ள புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டறியப்பட்ட நடுகற்கள் ஆகோள் பூசலில் மாண்டவனை ஊர் பெயர் பொறித்துப் போற்றியதைக் காட்டுகின்றன. மாண்டவனுக்கு உயிரோடிருப்போர் கடன்பட்டவர் என்பது அம்மரபின் உணர்வு. தொடரிலோ மாண்டவனே உழைத்துக்கொண்டிருக்கிறான்.

நற்செய்தி நூல்களிலும் இதே கட்டளையைக் கேட்கிறோம். ஆனால் அதன் பின் நிகழ்வது வேறு. மாற்கு 5-ஆம் அதிகாரத்தில், யவீருவின் பன்னிரண்டு வயது மகள் எழுந்தவுடன், அவளுக்கு உண்ணக் கொடுக்கும்படி ஆண்டவர் சொல்கிறார். நாயீன் ஊர் விதவையின் மகன் தாயிடம் ஒப்படைக்கப்படுகிறான். லாசருவின் கட்டுகளை அவிழ்க்கும் பணி சுற்றி நின்றோருக்குத் தரப்படுகிறது. மூவரும் எழுப்பியவரின் படையில் சேர்க்கப்படவில்லை. தத்தம் வீட்டுக்கு மீண்டனர். எசேக்கியேல் கண்ட பெருஞ்சேனைக்கும் தன் நாட்டுக்குத் திரும்புதலே வாக்குறுதி.

தொடரை ஆக்கியோர் இவ்வேறுபாட்டை அறவே உணராதவர் என்று கூறுதல் முறையாகாது. ஜேஜு தீவில் மின் பியுங்-கியூ என்னும் மருத்துவ வேட்டையர் கொல்லப்படுகிறார். சா ஹே-இன் உயிருக்குப் போராடும் வேளையில், ஜின்வூ அம்மருத்துவரின் நிழலை எழுப்பி அவளைக் குணமாக்குகிறான். பின்னர் அந்நிழலைத் தன்னோடு வைத்துக்கொள்ளாமல் விடுவிக்கிறான். நண்பர் கண்ணீரோடு விடைதர, மாண்டவர் இளைப்பாறச் செல்கிறார். இறந்தவரை ஏவலாளாக வைத்திருத்தல் தகாது என்று தொடர் தன் வாயாலேயே ஒப்புக்கொள்ளும் இடம் இது. இப்பருவத்தின் அறவுச்சி இதுவே என்பது நம் துணிபு. ஆனால் அவ்வுணர்வு நிலைக்கவில்லை. அதே தீவில் எறும்பரசனின் நிழல் ‘பெரு’ என்னும் பெயரோடு படையில் சேர்கிறது. கதை அடுத்த இலக்கை நோக்கி விரைகிறது.

முடிவுரை

கலைத்திறனில் உயர்ந்து, தாயன்பில் உருகவைத்து, விடுதலைச் சிந்தனையில் பாதிவழியில் நின்றுவிட்ட படைப்பு என்று இப்பருவத்தை மதிப்பிடலாம். இதனைத் தடை செய்வதால் பயனில்லை. மின் பியுங்-கியூ விடைபெறும் காட்சியையும் மாற்கு 5-ஆம் அதிகாரத்தையும் அருகருகே வைத்து, வாலிபர் கூட்டத்தில் ஒரு மாலை கலந்துரையாடலாம். எழுப்பப்பட்டவர் யாருக்கு உரியவர் என்னும் ஒரே வினா போதும்.

அவ்வினா இளைஞரோடு நின்றுவிடாது. ‘எழுப்புதல்’ என்னும் சொல்லை நாம் சுவரொட்டிகளிலும் கூட்டங்களிலும் தாராளமாய் வழங்குகிறோம். எழுந்தோரை வீட்டுக்கும் ஊருக்கும் உண்ணும் பந்திக்கும் அனுப்புகிறோமா, அன்றி நம் பெயருக்குப் படை திரட்டுகிறோமா? ஓவியத் தொடரைக் குறைகூறும் உரிமை, இதற்கு நேர்மையாக விடை கூறுவோர்க்கே உண்டு.