பிறந்தநாளில் இறங்கும் படி

மார்ச் மாதத்துச் சனிக்கிழமை. அமெரிக்கப் புறநகர் ஒன்றில் 25 கெஜ நீச்சல் குளம். பத்து வயதுச் சிறுமி ஒருத்தி 100 கெஜ பட்டர்ஃபிளை நீந்தி, சுவரைத் தொட்ட கையோடு திரும்பி நேரப் பலகையைப் பார்க்கிறாள். ‘ஏஏ’ தரம். கரையில் அம்மாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அடுத்த வாரம் அவளுக்குப் பதினோரு வயது பிறக்கிறது. அதற்கடுத்த போட்டியில் இதே நேரத்தில் நீந்தினால் இரண்டு மூன்று படி கீழே, ‘பி’ பக்கமாகப் போய் நிற்பாள். அவள் வேகம் குறையவில்லை. வயதுப் பிரிவுதான் மாறியிருக்கிறது.

அங்குள்ள கிளப் நீச்சலில் எந்த வார இறுதியிலும் காணக்கூடிய காட்சிதான் இது. யுஎஸ்ஏ ஸ்விம்மிங் அமைப்பு பத்து வயதுக்குட்பட்டோர், 11-12, 13-14, 15-16, 17-18 என்று பிள்ளைகளைப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும், ஒவ்வொரு நீச்சலுக்கும் ‘பி’யில் தொடங்கி ‘ஏஏஏஏ’ வரை ஆறு நேரத் தரங்களை வகுத்திருக்கிறது. நான்காண்டுக்கு ஒருமுறை, ஒலிம்பிக் சுற்றையொட்டி, இவை திருத்தப்படுகின்றன. இது போட்டியின் ஏணி. கிளப்புக்குள் இன்னொரு ஏணி உண்டு: வெண்கலம், வெள்ளி, தங்கம், சீனியர் என்று ஏதோவொரு பெயர் வரிசையில் அடுக்கப்பட்ட பயிற்சிக் குழுக்கள். கீழ்க்குழு வாரம் மூன்று நாள் குளத்துக்கு வந்தால், மேல்குழு விடியற்காலையிலும் மாலையிலுமாக எட்டு ஒன்பது தடவை வரும்.

இந்த இரண்டாம் ஏணியின் அருமை, ஒரு மாலைப் பயிற்சியைப் பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியும். வெள்ளைப் பலகையில் கோச் எழுதுகிறார்: 10 × 100, 1:40. பத்து முறை நூறு கெஜம். ஒவ்வொன்றுக்கும் ஓய்வு உட்பட ஒரு நிமிடம் நாற்பது விநாடி. சுவரில் பெரிய கடிகாரம். சிவப்பு முள் உச்சியைத் தொட்டதும் முதல் பிள்ளை சுவரை உதைத்துக் கிளம்பும். ஐந்து விநாடி விட்டு அடுத்தது. 1:25-இல் திரும்புகிற பிள்ளைக்குப் பதினைந்து விநாடி மூச்சு வாங்க நேரம் கிடைக்கும். 1:38-இல் திரும்புகிற பிள்ளைக்கு இரண்டே விநாடிதான். நான்காவது சுற்றிலேயே அதன் முழங்கை சரியும், இடுப்பு தாழும், பிழையான அசைவே பழக்கமாகிவிடும். 1:05-இல் வந்துவிடுகிற பிள்ளையோ சுவரைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்கும். ஒரே லேனில் ஐந்தாறு பேர் ஒருவர் பின் ஒருவராகச் சுற்றி நீந்தும்போது, வேகம் ஒத்துப்போகாவிட்டால் முன்னால் போகிறவரின் குதிகால் பின்னால் வருபவரின் மூக்கில் படும். குழு பிரிக்காமல் நாற்பது பிள்ளைகளை ஒரு குளத்தில் வைத்து நடத்துவது நடக்காத காரியம்.

குழு மாறுவதற்கான நிபந்தனையும் நன்றாக அமைந்தால் பிள்ளைக்கு அது தெளிவான வழிகாட்டி. நான்கு நீச்சல்களையும் விதி பிசகாமல் நீந்த வேண்டும், குறிப்பிட்ட இடைவெளியில் இத்தனை நூறுகளை முடிக்க வேண்டும், சுவரில் திரும்பும் டர்ன் ஒழுங்காக இருக்க வேண்டும் என்பதெல்லாம் பிள்ளையின் கையில் இருப்பவை. பயிற்சி செய்தால் வரும்.

சிக்கல், போட்டி ஏணி பயிற்சி ஏணியை ஆளத் தொடங்கும்போது வருகிறது. ‘ஏஏ’ எடுத்தால் தங்கக் குழு என்று விதி வைப்பது கோச்சுக்கு வசதி. பெற்றோருடன் வாக்குவாதம் இல்லை, கடிகாரமே தீர்ப்புச் சொல்லிவிடும். ஆனால் பன்னிரண்டு வயதில் கடிகாரம் திறமையை மட்டும் அளப்பதில்லை. பெண் பிள்ளைகள் சராசரியாகப் பன்னிரண்டையொட்டியும் ஆண் பிள்ளைகள் பதினான்கையொட்டியும் வேகமாக உயர்கிறார்கள். ஒரே வகுப்பில் படிக்கும் இருவரில் ஒருவன் அரும்பு மீசையோடும் மற்றவன் பால் முகத்தோடும் நிற்பான். முன்னவனின் நீண்ட கைகளும் அகன்ற உள்ளங்கைகளும் சம்பாதித்த விநாடிகளை, அவனுடைய நீச்சல் நுட்பம் சம்பாதித்ததாக எண்ணி மேலே ஏற்றிவிடுகிறோம்.

இதற்குச் சான்றும் இருக்கிறது. யுஎஸ்ஏ ஸ்விம்மிங்கில் பணியாற்றிய கெனாடிஜஸ் சொகொலோவாஸ், அந்நாட்டின் எல்லாக் கால முதல் நூறு பட்டியல்களை வயதுவாரியாக ஒப்பிட்டார். 17-18 வயதில் உச்சியில் இருந்தவர்களில் பெரும்பாலோரின் பெயர் சிறு வயதுப் பட்டியல்களில் இல்லவே இல்லை. ஆஸ்திரேலியத் தேசிய அளவு நீச்சல் பிள்ளைகளை ஆராய்ந்து ஸ்டீபன் கோப்லி குழுவினர் 2018-இல் வெளியிட்ட ஆய்வும் இதே திசையைக் காட்டியது: வயதில் சில மாதம் மூத்திருப்பதால் சிறு வயதில் கிடைக்கும் அனுகூலம், பதின்பருவ முடிவுக்குள் கரைந்துபோகிறது.

வயதை எந்த நாளில் கணக்கிடுவது என்பதும் சின்ன விஷயமல்ல. டிசம்பர் 31-ஐ அளவுகோலாகக் கொள்ளும் முறையில், ஜனவரியில் பிறந்த பிள்ளை வருடம் முழுக்க மூத்தவனாகவே இருப்பான். டிசம்பர்க்காரன் என்றைக்கும் கடைக்குட்டி. அமெரிக்காவில் போட்டியின் முதல் நாளன்று என்ன வயதோ அதுவே கணக்கு. இதனால் மூப்பும் இளமையும் எல்லோருக்கும் மாறி மாறி வருகின்றன. அந்த வகையில் இது நியாயமான ஏற்பாடு. ஆனால் வட்டாரப் பெரும் போட்டி மார்ச்சில் நடந்தால், ஏப்ரலில் பிறந்தவள் பிரிவின் மூத்தவளாகப் பதக்கம் வாங்குவாள். பிப்ரவரியில் பிறந்தவள் அப்போதுதான் புதுப் பிரிவுக்குள் நுழைந்து கடைசிப் பக்கத்தில் தன் பெயரைத் தேடுவாள்.

ஏணி சரியாகவே கணித்த சந்தர்ப்பங்களும் உண்டு. மைக்கேல் ஃபெல்ப்ஸ் 1995-இல் 100 மீட்டர் பட்டர்ஃபிளையை 1:10.48-இல் நீந்தி வைத்த பத்து வயதுப் பிரிவுத் தேசியச் சாதனை 2018 வரை நின்றது. பதினைந்து வயதில் அவர் சிட்னி ஒலிம்பிக்கில் நீந்தினார். கேட்டி லெடெக்கியும் பதினைந்தில் லண்டனில் 800 மீட்டர் தங்கம் வென்றார். இப்படிப்பட்ட பிள்ளைகளை வயதைக் காரணம் காட்டிக் கீழ்க்குழுவிலேயே நிறுத்துவதும் அநியாயம்தான். ஆனால் இந்த இருவரைக் காட்டி எல்லாப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளையும் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுப்புவது வேறு சங்கதி. மேல்குழு என்றால் தூரம் கூடும், தோள்வலி கூடும், கட்டணமும் கூடுவதே வழக்கம். உச்சியில் இருப்பவருக்கும் இடைவெளி தேவைப்படலாம்: அமெரிக்க வீரர் கேலப் டிரெசெல் 2013-இல், பதினேழு வயதில், 50 கெஜத்தை 19 விநாடிக்குள் கடந்தார். உடனேயே பல மாதம் குளத்தை விட்டு விலகினார். அதற்கு ஏணி மட்டுமே காரணம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் திரும்பி வர அவருக்கு இடம் இருந்தது. 2021-இல் டோக்கியோவில் ஐந்து தங்கம் வென்றார். ஆறு மாதம் வராத பிள்ளையைக் குழுவை விட்டு நீக்கும் விதி அவருடைய கிளப்பில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

திருத்தங்களும் நடக்கின்றன. நூற்றுக்கணக்கான டாலர் விலையுள்ள, வேகம் கூட்டும் டெக் சூட் நீச்சல் உடைகளை, பன்னிரண்டும் அதற்குக் குறைந்த வயதுமுள்ள பிள்ளைகள் போட்டியில் அணிவதை அமெரிக்க அமைப்பு 2020 செப்டம்பர் முதல் தடைசெய்தது. ஒரே நீச்சலில் பேர் வாங்குவதைவிட நான்கையும் நீந்தச் செய்யும் நோக்கில், பல போட்டிப் பிரிவுகளின் மதிப்பெண்ணைக் கூட்டும் ஐஎம்எக்ஸ் என்ற திட்டத்தையும் கொண்டுவந்தது. இவை நல்ல தொடக்கம். அடுத்து வேண்டியது கிளப் அளவிலான துணிவு: நேரத் தரத்தைச் சுவரில் ஒட்டி வைக்கலாம், குழு மாற்றத்துக்கு நிபந்தனையாக வைக்கக் கூடாது. பயிற்சியில் என்ன செய்ய முடிகிறது, எவ்வளவு வளர்ந்திருக்கிறாள், பள்ளிக்கூடப் பாரம் எவ்வளவு என்று பார்த்து கோச் முடிவெடுக்க வேண்டும். அதைப் பெற்றோரிடம் விளக்கும் சங்கடத்தையும் ஏற்க வேண்டும்.

அப்படியொரு கிளப்பில் அந்தச் சிறுமி, பிறந்தநாள் கழிந்த திங்கட்கிழமை மாலை அதே லேனுக்குத்தான் வருவாள். பலகையில் அதே 10 × 100, அதே 1:40. ‘பி’யாகிப்போன பட்டர்ஃபிளையைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். போன வாரம் ஏழாவது நூறிலேயே சரிந்த முழங்கை இன்று எட்டாவது வரை தாங்குகிறதா என்று கோச் குனிந்து பார்ப்பார்.