தீவில் ஏடிவி: கார்ப்பரேட்டரைக் கழற்றும் முன்

சோக் இழுத்தால் உறுமுகிறது, சோக்கை விட்டால் அணைந்துவிடுகிறது. ஏடிவி எனும் மேடுபள்ளத்தில் ஓடும் நாற்சக்கர வண்டி வைத்திருப்பவர் இதைச் சொன்னதும், கார்ப்பரேட்டரைக் கழற்றிக் கழுவுங்கள் என்ற யோசனைதான் எல்லாப் பக்கமிருந்தும் வரும். அந்தமான் தீவுகளில் ஓடும் சிறிய ஏடிவிக்கு இந்த யோசனை அவசரமானது என்பது என் கருத்து. இங்கே கழற்றுவது கடைசி வேலை. முதல் வேலை, ஃப்ளோட் கிண்ணத்தின் அடியில் இருக்கும் வடிகால் திருகை இரண்டு சுற்றுத் தளர்த்தி, வழிவதைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஐந்து நிமிடம் அசையாமல் வைப்பது. நீர் கலந்திருந்தால் அது அடியில் கடுகளவு முத்துகளாக உருண்டு ஒன்றுசேரும். பெட்ரோல் அதன்மேல் நிற்கும். பெட்ரோலின் அடர்த்தி சுமார் 0.74, நீருக்கு 1. அதனால் டேங்கிலிருந்து இறங்கும் நீர் கிண்ணத்தின் அடியிலேயே தங்கும். ஜெட்டுகள் எரிபொருளை உறிஞ்சுவதும் அந்த இடத்திலிருந்துதான்.

எந்த வண்டிகளைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைச் சொல்லிவிடலாம். சீனாவில் செய்த 110, 125 சிசி ஏடிவிகளில் பெரும்பாலும் பிஇசட் வகைக் கார்ப்பரேட்டர். 150 சிசி ஜிஒய்6 எஞ்சினில் ரப்பர் டயாஃப்ரமுடன் வரும் பிடி24 வகை. போலாரிஸ் ஃபீனிக்ஸ் 200-ம் கார்ப்பரேட்டர் வண்டிதான். அதே நிறுவனத்தின் ஸ்போர்ட்ஸ்மேன் 570-க்குப் போனால் ஃப்யூயல் இன்ஜெக்ஷன். 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 விதி வந்தபோது புது பைக், ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவற்றிலிருந்து கார்ப்பரேட்டர் விடைபெற்றது. பொதுச்சாலைக்குப் பதிவாகாத ஏடிவியை அந்த விதி தொடவில்லை. அதனால் இளம் மெக்கானிக்குகளின் கைப்பழக்கத்திலிருந்து மெல்ல நழுவும் ஒரு கருவி, தோப்புகளிலும் ரிசார்ட்டுகளிலும் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

நிலப்பகுதியில் இப்போது எல்லாப் பழியும் எத்தனால் மீது விழுகிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் பாகங்களை உப்ப வைக்கும் என்பது உண்மை. ஆனால் 2019 ஏப்ரல் 1 முதல் எத்தனால் கலப்பு நாடு முழுவதற்கும் விரிந்தபோது, அந்தமான் நிக்கோபாரும் லட்சத்தீவும் மட்டும் விலக்கப்பட்டன. எத்தனாலே கலக்காத பெட்ரோலிலும் ஜெட் அடைக்க முடியும் என்றால் காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர் இது. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமும் நனைக்கும். பகலில் சூடேறி இரவில் குளிரும், அரைகுறையாக நிரம்பிய டேங்கின் மேல்பகுதியில் ஈரம் வியர்த்துச் சொட்டும். மூடி சரியாக இறுகாத கேனில் வாரக்கணக்கில் பெட்ரோல் வைத்தாலும் அதே கதை. உப்புக்காற்று மீதியைச் செய்யும். கிண்ணத்தைத் திறந்தால் உலோகச் சுவரில் சுண்ணாம்பு பூசினதுபோல வெள்ளைப் பொடியும், பித்தளை ஜெட்டின் விளிம்பில் பச்சைக் களிம்பும் தெரியும். இரண்டு வேறு உலோகங்கள் உப்புநீரில் சேர்ந்து கிடந்தால் அரிப்பது இப்படித்தான்.

நீரும் இல்லை, பெட்ரோல் நாற்றம் மாறிப் புளித்தும் போகவில்லை என்றால் அடுத்து எங்கே பார்ப்பது? அப்போதும் ஸ்பேனரை எடுக்க வேண்டாம். பத்து நிமிடம் நன்றாக ஓடி, திணறி, நின்றுவிடும் வண்டியில் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே போனால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. குளவிக்கூடோ உப்போ போதும். ஐடிலிங் தானாக ஏறி நின்றால், கார்ப்பரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவிலுள்ள ரப்பர் குழாயில் வெடிப்பு இருக்கும். பெட்ரோல் வழிந்தால் ஃப்ளோட் ஊசியில் தூசு. அப்போது எஞ்சின் ஆயிலை முகர்ந்து பார்த்துவிட வேண்டும். பெட்ரோல் வாடை அடித்தால் ஆயிலை மாற்றாமல் ஓட்டுவது எஞ்சினைக் கொல்வது. இவை எதுவும் இல்லாமல், சோக்கில் மட்டும் ஓடும் பழைய அறிகுறியே நீடித்தால் குற்றம் ஐடிலிங்கில் எரிபொருள் தரும் ஸ்லோ ஜெட்டில். அதன் துளை அரை மில்லிமீட்டர்கூட இராது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஊசிமுனை அளவில் ஒரு புள்ளி முழு வட்டமாகத் தெரிய வேண்டும். பிறைபோலத் தெரிந்தால் உள்ளே படிவு இருக்கிறது. அதை ஊக்கால் குத்துவது பெரும்பாவம், துளை பெரிதானால் ஜெட் போனதுதான். மின்கம்பியிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழையும் கார்ப்பரேட்டர் ஸ்பிரேயும் போதும். ஸ்பிரே அடிக்கும் முன் டயாஃப்ரம், ஓ ரிங் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும், அது ரப்பரைத் தின்னும். ஏர் ஸ்க்ரூவைக் கழற்றும் முன் அது இறுகும்வரை எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். வேலையெல்லாம் வெட்டவெளியில், அடுப்புக்கும் பீடிக்கும் தூரத்தில்.

புது கார்ப்பரேட்டரே மலிவாகக் கிடைக்கிறதே, ஏன் இத்தனை பாடு என்று கேட்கலாம். டேங்கில் நீர் இருக்கும்வரை புதியதும் அதே நீரைத்தான் குடிக்கும். ஜெட் அளவை மாற்றினால் சரியாகும் என்பார்கள் சிலர். மலையுயரத்தில் இருக்கும் லடாக்கில் அது பொருந்தும். இந்தத் தீவுகளின் மிக உயரமான சிகரமான சேடில் பீக்கே 732 மீட்டர்தான், கடல்மட்டத்தில் ஓடும் வண்டிக்குத் தொழிற்சாலை ஜெட்டே சரி. பலமான மறுப்பு இன்ஜெக்ஷனை முன்வைப்பது. ஈரத்திலும் குளிரிலும் அது சீராக ஓடும், எரிபொருளும் மிச்சம், மறுக்கவில்லை. ஆனால் பெட்ரோலில் இறங்கிய நீர் இன்ஜெக்ஷன் பம்பையும் அரிக்கும். பம்போ சென்சாரோ போனால் கோளாறைப் படிக்கக் கருவி வேண்டும், பாகம் கடல்தாண்டி வர வேண்டும். சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும், இப்போதைய பெயரில் ஸ்ரீ விஜயபுரத்துக்கும், சுமார் 1,360 கிலோமீட்டர். கப்பலில் மூன்று நாள் போல ஆகும். அங்கிருந்து டிக்லிப்பூருக்கோ ஸ்வராஜ் தீவுக்கோ இன்னொரு பயணம். ஒரு திருப்புளியும் கண்ணாடி பாட்டிலும் கொண்டு பாதிக் கோளாறைக் கண்டுபிடிக்க முடிகிற கருவிக்கு இந்தத் தூரத்தில் தனி மதிப்பு உண்டு.

அந்த மதிப்பு பராமரிப்பைப் பொறுத்தது. மழைக்காலத்தில் வண்டியை நிறுத்தும்போது பெட்ரோல் டேப்பை மூடி, கிண்ணம் வற்றி எஞ்சின் தானே அணையும்வரை ஓட விட்டு, மிச்சத்தையும் வடித்துவிட வேண்டும். இரும்பு டேங்கை நிரப்பி வைத்தால் துரு குறையும். பிளாஸ்டிக் டேங்கைக் காலியாக விடலாம். வடித்த பெட்ரோலை மண்ணில் ஊற்றாதீர்கள், கிணற்று நீரை நம்பும் சிறு தீவு இது. காலிப்பூர்போல ஆமை முட்டையிடும் கரைகளில் ஏடிவியை இறக்கவே கூடாது. டயர்த் தடம் கூட்டை நசுக்கும், குஞ்சு கடலுக்குப் போகும் வழியையும் மறிக்கும்.

பழைய ஏடிவி வாங்கப் போகிறவர் பெயிண்டையும் டயரையும் பிறகு பார்க்கலாம். முதலில் குனிந்து அந்த வடிகால் திருகைப் பாருங்கள். அதன் பிளவு கூர்மையாக இருந்து, திருப்புளி வைத்ததும் திரும்பினால் விலை பேசலாம். துருவேறி இறுகி, தலை மழுங்கி இருந்தால், அந்தக் கிண்ணத்தை யாரும் வடித்ததே இல்லை.